தேர்தல் முடிந்த பிறகு ஒரு டீ

கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்தவன்தான் பத்திரிகை நிருபன். கூட்டம் கலைந்தபின் அவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று அவனை யாரும் கேட்பதில்லை.

கோயம்புத்தூரில் ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். தேர்தல் என்றால் எங்களுக்கு ஓயாத வேலை. மைதானத்தில் மணலில் உட்கார்ந்து, வரவேண்டிய பேச்சாளர் வராமல், கால் மரத்துப்போய் எழுந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, பிறகு முடிவும் தெரிந்து, இனி என்ன செய்வது என்று சும்மா உட்கார்ந்திருப்போமே, அந்த நாளும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அப்படிச் சும்மா உட்கார முடியாமல் போன சிலரைப் பற்றியவை இந்தத் துணுக்குகள். எல்லாம் சிங்காநல்லூரில், நான் குடியிருந்த தெருமுனையில் இருந்த ஒரு டீக்கடையைச் சுற்றி நடந்தவை.

பந்தல் பிரித்த காலை

ஐம்பத்தேழாம் ஆண்டுத் தேர்தலில் எங்கள் தொகுதியில் ஒரு வக்கீல் நின்றார். மில் தொழிலாளர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடிப் பெயர் எடுத்தவர். மேடை ஏறினால் மனிதரில் உயர்வு தாழ்வு கிடையாது என்றுதான் பேச்சைத் தொடங்குவார். மில் வாசலுக்கு எதிரே அவருக்காக ஓலைப் பந்தல் போட்டுத் தேர்தல் ஆபீஸ் வைத்தார்கள். அதை நடத்தியவர் நாச்சிமுத்து. தோட்டங்காட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்து மில்லுக்கு வந்தவர்; ஸ்பின்னிங்கில் வேலை. ஷிப்டு முடிந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் பந்தலுக்கு வந்துவிடுவார். ஊர்வலத்துக்கு முன்னால் தப்பட்டை அடித்தவர் மாரன். மில்லுக்குத் தெற்கே இருந்த காலனிக்காரர். அந்தக் காலனிக்காரர்கள் தொட்ட பாத்திரத்தை மற்றவர்கள் தொடமாட்டார்கள் என்பது ஊர் வழக்கம். டீக்கடையில் அவர்கள் வெளியே நின்று கொட்டாங்குச்சியில்தான் குடிக்கவேண்டும். தேர்தல் நடந்த அந்த நாட்களில், அந்தப் பந்தலுக்குள் மட்டும், நாச்சிமுத்துவும் மாரனும் ஒரே மாதிரிக் கண்ணாடி கிளாஸில் டீ குடித்தார்கள். கிளாஸ்கள் தெருமுனை டீக்கடைக் குப்புசாமியிடம் இரவல் வாங்கியவை.

வக்கீல் தோற்றார். மறுநாள் காலையிலேயே பந்தல்காரர் ஆள்களோடு வந்து ஓலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து கிளாஸ்களைச் சாம்பல் போட்டு விளக்கி, மரப்பெட்டியில் அடுக்கி, டீக்கடைக்குத் தூக்கி வந்தார். பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து வந்த மாரன், கடை வாசல் வந்ததும் கையை எடுத்துவிட்டு, வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டார். குப்புசாமி பெட்டியைப் பார்த்தார், வாங்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்ல. வக்கீலுக்குத்தான் ஓட்டுப் போட்டேன் என்று என்னிடம் முந்தின நாள் சொல்லியிருந்தார். இப்போது பாய்லரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே சொன்னார்:

"அதையெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க நாச்சிமுத்து. எலெக்‌ஷனுக்குன்னு குடுத்தேன், அது எலெக்‌ஷனோட போச்சுங்க."

ஊர்வலமாகப் போய்க் குடித்தது

நாச்சிமுத்துவுக்கும் அவருடைய ஆள்களுக்கும் அந்தப் பெட்டி பெரிய அவமானமாகப் போய்விட்டது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. ஒரு மாதமாக அதைத்தான் செய்திருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்த கொடிகளை எடுத்துக்கொண்டு, மாரனை முன்னால் விட்டு, டீக்கடைக்கு ஊர்வலம் போனார்கள். தகர மெகாபோன் பிடித்திருந்த பழனிச்சாமி என்ற இளைஞர் சம உரிமை கேட்டுக் கோஷம் போட்டுக்கொண்டே வந்தவர், பழக்கதோஷத்தில் நடுநடுவே "போடுங்கம்மா ஓட்டு" என்றும் கத்தினார். தெருவில் பெண்கள் சிரித்தார்கள். கூட்டத்தைப் பார்த்த குப்புசாமி பாய்லரை விட்டு வெளியே வந்தார். மாரனை உள்ளே பெஞ்சில் உட்காரவைத்து, கண்ணாடி கிளாஸில் டீ கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ மாரன் கழுத்தில் மாலை போட்டார்கள். நாச்சிமுத்து என்னிடம் வந்து, "எழுதிக்கங்க, செயிச்சுப்போட்டோம்" என்றார்.

ஜெயித்த செய்தியை ஒரு நாள் பொறுத்து அனுப்புவது என் வழக்கம். மறுநாள் காலை டீ குடிக்கப் போனேன். கடைக்குப் பின்னால் சாம்பல் குவியலில் அந்த கிளாஸ் உடைந்து கிடந்தது. மாரன் வெளியே, கையில் கொட்டாங்குச்சியோடு நின்றிருந்தார். மில்லில் கழிவுப் பஞ்சு கூட்டும் அவர் மனைவி அருக்காணி அந்த வழியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் நின்றார்.

"ஏனுங்க பேப்பர்காரரே, நேத்து எம்பட ஊட்டுக்காரருக்கு மால போட்டீங்களே, இன்னைக்கு டீய அந்த மாலையில ஊத்திக் குடிக்கறதுங்களா?"

எந்தப் பக்கம்

உடைந்த கிளாஸைப் பற்றி எழுதி அனுப்பினேன். வரவில்லை. சுருக்கி எழுதி மறுபடி அனுப்பினேன். அதுவும் வரவில்லை. நம் வீட்டுச் சங்கதி பேப்பரில் வராதா என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். எழுதினவனும் உங்களைப் போலத்தான் காலையில் பேப்பரைப் பிரித்துத் தேடுகிறான்.

சில வாரம் கழித்துச் சென்னையிலிருந்து எங்கள் செய்தி ஆசிரியர் வேறு வேலையாகக் கோவைக்கு வந்தார். ரயிலடிக்கு அழைக்கப் போனவன் அங்கேயே கேட்டுவிட்டேன். நேர்மையான மனிதர், எந்தக் கேள்வியையும் தட்டிக்கழிக்கமாட்டார். வக்கீல் சமத்துவம் பற்றிப் பேசிய பேச்சுகளைப் பத்தி பத்தியாகப் போட்டவரும் அவர்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்து, வருத்தமாகவே பதில் சொன்னார்:

"மேடையில் பேசினால் அரசியல், போட்டுவிடுகிறேன், டீக்கடையில் நடந்தால் ஊர் வழக்கம் என்கிறார்கள், அதை எந்தப் பக்கத்தில் போடுவது என்று நீங்களே சொல்லுங்கள்."

கிணற்று முறை

தீண்டாமையைக் குற்றமாக்கிச் சட்டம் வந்திருந்த காலம் அது. நாச்சிமுத்துவின் ஆள்கள் போலீஸிலும் போய்ச் சொல்லிப் பார்த்தார்கள். குப்புசாமி டீ கொடுக்கிறாரா இல்லையா என்று அங்கே கேட்டார்கள். கொடுக்கிறார் என்றதும், பிறகென்ன புகார் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மாலை நாச்சிமுத்துவின் வீட்டு வாசலில் கூடினார்கள். ஒருவர் உண்ணாவிரதம் என்றார். ஒருவர் கடையை அடித்து நொறுக்கலாம் என்றார். பழனிச்சாமி இன்னொரு ஊர்வலம் என்றார், இந்தத் தடவை பெரிதாக.

நாச்சிமுத்து தன் ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொன்னார். பங்காளிகள் நாலு குடும்பத்துக்கு ஒரே கிணறு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாள் முறை. முறை வந்தால் காய்ச்சலோ, கல்யாணமோ, விடிவதற்குள் மாட்டைப் பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கவேண்டும். யாரும் கொடி பிடிப்பதில்லை, யாரும் கைதட்டுவதில்லை, காடு நனைகிறது. "அந்த மாதிரிச் செய்யலாமுங்க" என்றார். "தெனமும் வெடியால மில் சங்கு ஊதறப்ப, நம்மள்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், போயி மாரங்கூட வெளியில நிக்கோணும். அவரு எதுல குடிக்கறாரோ அதுலயே வாங்கிக் குடிக்கோணும். கோசம் வேண்டாம், சண்டை வேண்டாம். மறுநாளைக்கு அடுத்தவன் முறை."

எதுவரைக்கும் என்று ஒருவர் கேட்டார். வாசலுக்கு வெளியே, வேலியோரம் நின்றிருந்த மாரனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. மாரன் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க யாரும் வரலீன்னாலும் நான் அங்கதானுங்க நிக்கோணும். வாரதுன்னா வாங்க."

கொடுமுடிச் சம்பந்தம்

முதல் முறை நாச்சிமுத்துவுடையது. குப்புசாமி கொட்டாங்குச்சியை அவர் கையில் கொடுக்கவே தயங்கினார். "ஏனுங்க, உள்ள வந்து உக்காருங்க, எதுக்குங்க இந்த வம்பு" என்று கெஞ்சினார். நாச்சிமுத்து கையை நீட்டியபடியே நின்றார். கடைசியில் டீ வந்தது. உள்ளே குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். மில் சங்கு ஊதியது. அவ்வளவுதான். அன்று நடந்ததில் எழுதுவதற்கு எதுவுமே இல்லை.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. நாச்சிமுத்துவின் தங்கை தெய்வானைக்குக் கொடுமுடியில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பேசி முடித்தவர் தாய்மாமன். முகூர்த்தம் குறிக்க ஒரு காலையில் பஸ்ஸில் வந்து சிங்காநல்லூரில் இறங்கினார். இறங்கின இடத்தில் மருமகன் கொட்டாங்குச்சியோடு மாரன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாமன் வீட்டுக்குப் போகவில்லை. கிழக்கே திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக அங்கேயே நின்றார். நாச்சிமுத்து ஓடிப்போய்ச் சமாதானம் சொன்னார். மாமன் முகத்தைப் பார்க்காமல், எனக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஓட்டுக் கேக்கறப்ப எல்லாரும் எல்லா ஊட்டுலயும் தண்ணி குடிப்பாங்க, அதை நானே ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். எலெக்‌ஷன் முடிஞ்ச பொறவும் குடிக்கறவன் ஊட்டுல யாரு பொண்ணெடுப்பாங்க?" சம்பந்தம் அந்த வாரமே முறிந்தது.

நாச்சிமுத்துவின் அடுத்த முறை வந்தபோது அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. அவருக்குப் பின்னால், மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை பார்த்த தெய்வானை, வேலைக்குப் போகிற கோலத்தில் கையில் தூக்குப் போசியோடு வந்துகொண்டிருந்தாள். அந்தக் கடையில் பெண்கள் நின்று டீ குடிப்பதே கிடையாது. போசியைக் கீழே வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒரு முறை போடுங்கண்ணா. கெட்டது கெட்டுப்போச்சு, டீயாவது குடிக்கறேன்."

பஸ்ஸில் பழனிச்சாமி

தொடங்கியபோது ஊர்வலத்துக்கு வந்த பெரும்பாலோர் முறைக்கும் வந்தார்கள். பிறகு குறைய ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் கூட்டம் வளர்வதைத்தான் எழுதுவோம். தேய்வதை எழுதிப் பழக்கமில்லை. தினமும் டீ குடிக்கப் போகிறவன் என்பதால் அதைக் கண்ணால் பார்த்தேன். ஒருவருக்கு மதுக்கரை சிமெண்ட் ஆலையில் வேலை கிடைத்து அந்தப் பக்கமே குடிபோனார். ஒருவருக்கு டீ ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. ஒருவர் முறை நாளில் மட்டும் பின்சந்து வழியாக மில்லுக்குப் போனார். ஊர் அவர்களை மட்டும் நெருக்கவில்லை. பெரிய வீட்டுச் சாவுகளுக்கு மாரனைத் தப்பட்டைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். காலனிப் பெண்களைக் கடலைக்காய் பிடுங்க வரவேண்டாம் என்றார்கள். நிறுத்திவிடலாமா என்று நாச்சிமுத்து ஒருநாள் மாரனிடம் கேட்டாராம். மறுநாள் மாரன் வழக்கமான நேரத்துக்கு முன்பே கடைக்கு வந்து நின்றார். வருஷங்கள் போயின. கடைசியில் நாச்சிமுத்து, தெய்வானை, இன்னும் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களுக்கு முறை அடிக்கடி வந்தது.

மெகாபோன் பழனிச்சாமியும் வராமல் நின்றுபோனவர்களில் ஒருவர். ஒருநாள் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே பேச்செடுத்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அது எனக்கு மறக்கவில்லை.

"எலெக்‌ஷன்னா ஒரு மாசங்க, கோயில் நோம்பி மாதிரி, உசிரைக் குடுத்து வேல செய்வேன். இது என்னைக்கு முடியும்னு ஒரு தேதி சொல்லச் சொல்லுங்க, நாளைக்கே வாரேன்."

வேட்பாளருக்கு வயிற்று வலி

அறுபத்திரண்டில் மறுபடி தேர்தல் வந்தது. மறுபடி அதே வக்கீல், அதே மில் வாசல், புது ஓலைப் பந்தல். காணாமல் போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். பழனிச்சாமி மெகாபோனைத் துடைத்து எடுத்து வந்தார். ஒரு மாலை வக்கீல் நாச்சிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நானும் பந்தலில் இருந்தேன். போன தடவை கொஞ்சம் ஓட்டில் போயிற்று, இந்தத் தடவை நிலம் வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் கோபத்தைச் சம்பாதிக்க முடியாது, இந்த ஒரு மாதம் மட்டும் டீக்கடைச் சமாச்சாரத்தை நிறுத்திவைக்கலாம், ஜெயித்தபின் சட்டசபையிலேயே பேசுகிறேன் என்றார். நிதானமாக, நியாயமாகத்தான் கேட்டார். நாச்சிமுத்து தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "ஓட்டும் கேக்கறோமுங்க, முறையும் நிக்காதுங்க" என்று எழுந்துகொண்டார்.

சில நாள் கழித்து வக்கீலின் ஜீப் காலையில் அந்தத் தெருவுக்கு வந்தது. வேட்பாளர் டீக்கடையில் இறங்கி நாலு பேரோடு டீ குடிப்பது எல்லாத் தேர்தலிலும் நடப்பது. உள்ளே பெஞ்சைத் துடைத்து வைத்திருந்தார்கள். தோட்டக்காரர்கள் சிலர் அவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நாச்சிமுத்துவும் மாரனும் கொட்டாங்குச்சியோடு நின்றார்கள். அன்று நாச்சிமுத்துவின் முறை. வக்கீல் ஜீப்பிலிருந்து இறங்கினார். உள்ளே பார்த்தார். வெளியே பார்த்தார். குப்புசாமி ஒரு கையில் கிளாஸும், மறு கையில் என்ன எடுப்பது என்று தெரியாமலும் நின்றார். எல்லோரும் அந்த ஒரு மனிதர் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வலது பக்கம் போகுமா, இடது பக்கம் போகுமா?

எந்தப் பக்கமும் போகவில்லை. வயிறு சரியில்லை, டீ வேண்டாம் என்று சொல்லி, இரண்டு பக்கமும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு, ஜீப்பில் ஏறிவிட்டார். ஜீப் போன புழுதி அடங்கியது. மாரன் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

"போன எலெக்‌ஷன்ல ஐயாவுக்கு இந்த வயித்து வலி இருக்கலீங்களே."

பேப்பர் படித்த இடம்

வக்கீல் அந்தத் தடவை ஜெயித்தார். மாலைகள் விழுந்தன, மறுநாள் பந்தல் பிரித்தார்கள், வந்தவர்கள் கலைந்தார்கள். சட்டசபையில் அவர் என்ன பேசினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முறை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

அதில் ஒரு சின்ன மாற்றம் முன்பே வந்திருந்தது. வெளியே சும்மா நிற்பது சங்கடமாக இருக்கிறது என்று தெய்வானை தன் முறை நாளில் பேப்பர் வாங்கி வந்து மாரனுக்குப் படித்துக் காட்டுவாள். எட்டாவது வரை படித்தவள், கணீரென்ற குரல். ரீலிங்கில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்களுக்கு மெதுவாகப் படிக்க வராது. மற்றவர்களும் தங்கள் முறையில் படிக்க ஆரம்பித்தார்கள். போனஸ் சேதி, பஞ்சு விலை, எந்த மில்லில் ஆள் குறைப்பு என்று உள்ளே இருப்பவர்களுக்கும் காதில் விழும். அந்த வருஷக் கடைசியில் வடக்கே எல்லையில் சீனாவோடு சண்டை மூண்டது. ஊரில் ஒவ்வொருவருக்கும் அன்றன்றைய சேதி தெரிந்தாகவேண்டும். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். முதலில் சுவர் ஓரமாக. பிறகு, தெய்வானை பக்கத்தைத் திருப்பும்போது சரியாகக் கேட்கவில்லை என்று கொஞ்சம் கிட்டே. சில நாளில் உள்ளே பெஞ்சு காலியாகவே கிடந்தது. வெளியே கிளாஸ் பிடித்தவர்களும் கொட்டாங்குச்சி பிடித்தவர்களும் தோள் இடிக்க நின்றார்கள். சேதி கேட்கிற மும்முரத்தில் இடிப்பது யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழனிச்சாமியும் ஒருநாள் வந்து நின்றார். அவரிடம் யாரும் தேதி சொல்லவில்லை.

குப்புசாமிக்குத்தான் ஓடி ஓடி உயிர் போயிற்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ளேயிருந்து எடுத்து வரவேண்டும், யாருக்கு எது என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கவேண்டும், அதற்குள் சங்கு ஊதிவிடும். ஒரு காலையில் அவர் வெளியே வந்தபோது கையில் பெரிய தட்டு இருந்தது. தட்டு நிறையக் கண்ணாடி கிளாஸ்கள், எல்லாவற்றிலும் டீ. கூட்டத்துக்குள் நுழைந்து தட்டை நீட்டிக்கொண்டே வந்தார். கைகள் எடுத்துக்கொண்டே வந்தன. தட்டு மாரன் முன்னால் வந்தது. மாரன் எடுக்கவில்லை. குப்புசாமி தட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு, "எடுங்க, ஆறிப்போகுது" என்றார். தோட்டக்காரர்களில் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் போகவில்லை. தெய்வானை படிப்பதை நிறுத்தவே இல்லை. மாரன் ஒரு கிளாஸை எடுத்தார். குடித்து முடிக்கும்வரை நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்று கிளாஸை அவர் தட்டில் வைத்ததும், குப்புசாமி எல்லாக் கிளாஸையும் சேர்த்து ஒரே வாளித் தண்ணீரில் அமிழ்த்தினார்.

யாரும் கைதட்டவில்லை. கொடி, மாலை எதுவும் வரவில்லை. நாச்சிமுத்து மாரன் பக்கத்தில் போய், எப்படி இருந்தது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்தத் தெருவில் டீக்கடைக்கு அடுத்தாற்போல ஒரு சலூன் இருந்தது. காலனிக்காரர்களுக்கு அங்கே முடி வெட்டமாட்டார்கள். மாரன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார்.

"டீ அதேதானுங்க, சக்கரைதான் பத்தல. நாளைக்குச் சலூனுக்கு யாரு முறைங்க?"

ஒரு மனிதர் எல்லோரையும் போலக் கண்ணாடி கிளாஸில் ஒரு டீ குடிக்க இரண்டு பொதுத் தேர்தல்கள் போதவில்லை என்பதுதான், நான் எழுதி அனுப்பியதில் அச்சில் வராமல் போன ஒரே தேர்தல் முடிவு.